அல்மா தெருவில் வேன் நிற்காத நான்கு நாட்கள்

ஒரு எலுமிச்சை கேக்கின் மீது எனக்கு ஒன்பது வருடமாகக் கோபம் இருக்கிறது. சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். தெல்மா ஹெஸ்லப் அன்றைக்கு அந்தக் கேக்கைச் சுடாமல் இருந்திருந்தால், அவருடைய தம்பி நெவிலுக்கு வாரத்தில் நான்கு நாட்கள் காணாமல் போயிருக்காது. நகராட்சி மீதும் கோபம் உண்டு. ஆனால் நகராட்சியைத் திட்ட ஊரே இருக்கிறது. கேக்கைத் திட்ட என்னை விட்டால் ஆள் இல்லை.

டர்ஹாம் கடற்கரையில் சுரங்கம் மூடிப்போன ஊர் எங்களுடையது. வீட்டில் தனியாக விட முடியாத பெரியவர்கள் பகலில் வந்து இருக்க நகராட்சி ஒரு மையம் வைத்திருந்தது. சென்டர் என்போம். அங்கே நான் வேன் ஓட்டினேன். காலையில் வீடு வீடாகப் போய் ஆட்களை ஏற்றிவர வேண்டும், நாலு மணிக்குத் திரும்பக் கொண்டுபோய் விட வேண்டும். அல்மா தெரு பதினான்காம் எண் கடைசி நிறுத்தம். எட்டு இருபதுக்கு நெவில் கழுத்து வரை பொத்தான் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பார். ஒரு நிமிடம் பிந்தினாலும் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுவார். அதில் அவருக்கு மணி பார்க்கத் தெரியாது.

அப்போது அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. பிறவியிலேயே மூளை வளர்ச்சி மெதுவானவர். குள்ளமான ஆள், தடித்த கண்ணாடி. பேச்சு கொஞ்சம்தான் வரும். ஆனால் யாரையாவது ஒரு தடவை பார்த்தால் போதும், அப்படியே நடித்துக் காட்டிவிடுவார். என் இருமல், நான் கியர் மாற்றும்போது மூக்கைச் சுளிப்பது, எல்லாம் பின் சீட்டில் நடக்கும். வேனே சிரிக்கும். சென்டரில் மதியச் சாப்பாட்டு மேசை போடுவது அவர் பொறுப்பு. இருபத்திரண்டு பேருக்கு. முள்கரண்டி இடது, கத்தி வலது, கரண்டி மேலே. வேறு யாராவது கை வைத்தால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

தெல்மாவுக்கு அறுபத்தொன்பது. துணி ஆலையில் முப்பது வருடம் சட்டைக் காலர் தைத்தவர். சின்னக் கடைக்காரரிலிருந்து பாதிரியார் வரை எல்லோரும் அவருக்குக் 'கண்ணு'தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரே ஒருவர் கேட்டிருக்கிறார், மீன்பிடிப் படகுக்காரர். தம்பியும் என்னோடு வருவான், சம்மதமா என்று இவர் கேட்டிருக்கிறார்.

"யோசிச்சுச் சொல்றேன்னாரு, கண்ணு" என்று என்னிடம் சொன்னார். "நாப்பத்தி மூணு வருஷமாச்சு. இன்னும் யோசிச்சிக்கிட்டு இருக்காரு போல."

ஒரு வசந்தகாலத்தில் நகராட்சியிலிருந்து எல்லோருக்கும் கடிதம் வந்தது. பராமரிப்புச் சேவைகள் மாறப்போகின்றன, உங்கள் கருத்தைச் சொல்ல வாருங்கள் என்று. நூலக மாடியில் கூட்டம். கருத்து என்றால் வாயால் சொல்வது என்று நினைத்துப் போனோம். அங்கே சுவரில் பெரிய தாள்களை ஒட்டி, எங்கள் கையில் வண்ணப் பொட்டுகளைக் கொடுத்தார்கள். எது முக்கியமோ அதில் பச்சைப் பொட்டு ஒட்ட வேண்டுமாம். நெவில் தன் பங்கு முழுவதையும் அக்காவின் கோட்டு முதுகில் ஒட்டிவிட்டார். தெல்மா அது தெரியாமல் கடைத்தெரு முழுக்க அப்படியே நடந்து வீடு போனார். அன்று அந்த மாடியில் சரியான இடத்தில் ஒட்டப்பட்ட பொட்டுகள் அவைதான் என்று நான் இப்போதும் நினைக்கிறேன்.

அந்த மாற்றத்தின் சாரம் இதுதான். சென்டருக்கு எல்லோரும் ஐந்து நாளும் வர முடியாது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு அலுவலர் வந்து கேள்விகள் கேட்டு மதிப்பெண் போடுவார். தேவை அதிகமானவருக்கு நாட்கள் அதிகம், சமாளிப்பவருக்குக் குறைவு. நெவிலைப் பற்றிக் கேட்பதோடு விட மாட்டார்கள். அவரைப் பார்த்துக்கொள்கிற தெல்மாவையும் தனியாகக் கேட்பார்கள். பராமரிப்பாளர் மதிப்பீடு என்று அதற்குப் பெயர்.

"நான் எந்தப் பராமரிப்பாளரு?" என்றார் தெல்மா. "நான் அவன் அக்கா."

அலுவலர் வர இருந்த வியாழக்கிழமை, சென்டர் முடிந்ததும் நெவிலை இறக்கிவிட்டேன். டீ குடித்துவிட்டுப் போ என்று தெல்மா உள்ளே இழுத்தார். போனவன் திகைத்து நின்றேன். வாசற்படி தேய்த்துத் தேய்த்து வெளுத்திருந்தது. ஜன்னல் திரை புதிதாகத் துவைத்தது. நெவிலைக் குளியல் தொட்டியிலிருந்து தூக்க வைத்திருந்த பலகை, ஈரமாகிற படுக்கை விரிப்புகள், அவர் வெளியே ஓடிவிடாமல் இருக்கக் கதவில் கட்டிய மணி, எதுவும் கண்ணில் படவில்லை. எல்லாம் பின்கட்டு நிலக்கரி அறைக்குள் போயிருந்தன. மேசையில் தங்க விளிம்பு கோப்பைகள். நடுவில் எலுமிச்சை கேக்.

"என்ன தெல்மா இது, அரசி வராங்களா?" என்றேன்.

"வாயை மூடிக்கிட்டு உக்காரு. காலணியைத் தொடச்சியா?"

வந்த பெண்மணி நல்லவர்தான். பெயர் ஜூலியா. ஒரு துண்டு கேக் சாப்பிட்டார், இன்னொன்றும் வாங்கிக்கொண்டார். மடியில் கோப்பை வைத்துக்கொண்டு கேட்டார்.

"தம்பி குளிக்கிறதெல்லாம் எப்படி?"

"அவனே குளிச்சுக்குவான். நான் சும்மா பக்கத்துல நிப்பேன்."

"தூக்கம்?"

"குழந்தை மாதிரி தூங்குவான்."

"உங்க உடம்பு?"

"குறை சொல்ல ஒண்ணுமில்ல."

குறை சொல்ல ஒன்றுமில்லையாம். நெவிலைத் தூக்கித் தூக்கி அவருடைய வலது தோள் ஒரு வருடமாக மேலே எழும்பவில்லை. அந்தக் கேக் மாவையே இடது கையால்தான் அடித்துக் கலக்கியிருப்பார். நான் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரில் ஒருவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, அவர் டீயைக் குடித்துக்கொண்டே அவரைப் பொய்யர் ஆக்க மாட்டோம். அப்படித்தான் வளர்ந்தோம். அன்றைக்கு வளர்ந்ததை மறந்து வாயைத் திறந்திருக்க வேண்டும்.

கடைசியாக ஜூலியா கேட்டார்: "இப்படியே தொடர்ந்து பார்த்துக்க முடியுமா, தெல்மா? நல்லா யோசிச்சு சொல்லுங்க."

"சமாளிச்சுக்கிறோம்" என்றார் தெல்மா. "இன்னொரு துண்டு வெக்கட்டுமா?"

அடுத்த மாதம் கடிதம் வந்தது. நெவிலுக்கு வெள்ளிக்கிழமை மட்டும். கூடவே தெல்மாவுக்கு ஒரு சீட்டு: பராமரிப்பாளர்களுக்குப் பாத மசாஜ் இலவசம், எட்டு மைல் தள்ளி, முன்பதிவு அவசியம். அந்த இரண்டு மணி நேரம் நெவிலை யார் பார்ப்பது என்று அதில் எழுதவில்லை.

நகராட்சி விதி மாறியது நெவிலுக்குத் தெரியாது. திங்கள் காலை எட்டு இருபதுக்குக் கழுத்து வரை பொத்தான் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். செவ்வாயும் நின்றார். மற்றவர்களை ஏற்றிக்கொண்டு நான் அந்தத் தெரு வழியாகத்தான் போக வேண்டும். முதல் நாள் என்னைப் பார்த்ததும் கடிகாரத்தைத் தட்டிக் காட்டிவிட்டு நடைபாதையிலிருந்து இறங்கினார். நான் நிறுத்தவில்லை. நிறுத்தக் கூடாது என்று உத்தரவு. கண்ணாடியில் பார்த்தேன், வேனுக்குப் பின்னால் கொஞ்ச தூரம் ஓடி வந்தார். புதன்கிழமையிலிருந்து மீன் சந்தையைச் சுற்றிக்கொண்டு போனேன். நாள்தோறும் ஆறு நிமிடம் அதிகம். ஏன் தாமதம் என்று மேலாளர் கேட்டபோது சாலை வேலை என்றேன்.

வீட்டில் என்ன நடந்தது என்று பிறகு தெரிந்துகொண்டேன். வேன் வராத நாட்களில் நெவில் வீட்டில் இருக்கிற கரண்டி, கத்தி எல்லாவற்றையும் எடுத்து மேசையில் வைப்பாராம். இருபத்திரண்டு வராது. பதினான்கில் தீர்ந்துவிடும். தீர்ந்ததும் அழுவார். தெல்மா பக்கத்து வீடுகளில் போய் மீதி எட்டையும் கடன் வாங்கி வந்தார். தெருவே வாரத்தில் நான்கு நாள் கையால் சாப்பிட்டது என்று மூன்றாம் வீட்டு நோரா சொல்வார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் தெல்மாவின் கன்னம் ஒட்டிப்போனதையும் அவர்தான் முதலில் பார்த்தார்.

ஒரு வருடத்துக்குப் பிறகு சென்டரையே மூடிவிட்டார்கள். வெள்ளிக்கிழமையும் போயிற்று. நான் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கும் வேன் ஓட்டப் போனேன். அந்த வேலையில் அல்மா தெருவில் எப்போது வேண்டுமானாலும் நிற்கலாம். நின்றேன்.

சென்டர் போனதால் எல்லா வீட்டுக்கும் மறுமதிப்பீடு வருகிறது என்று தெரிந்த அன்று, நெவில் பின்கட்டில் கரண்டி கழுவிக்கொண்டிருக்க, நான் தெல்மாவிடம் கொஞ்சம் கத்திவிட்டேன்.

"இந்தத் தடவை உள்ளதைச் சொல்லுங்க தெல்மா. தோளைக் காட்டுங்க. அந்த விரிப்பையெல்லாம் கொடியில போடுங்க. கேக் சுட்டீங்கன்னா நானே எடுத்துக் கடல்ல போட்டுருவேன்."

"நீ சும்மா இரு. உனக்குத் தெரியாது."

"என்ன தெரியாது?"

அவர் கெட்டிலை அடுப்பில் வைத்தார். பிறகு சொன்னார். நெவிலுக்கு ஆறு வயது, இவருக்குப் பதினேழு. இந்த மாதிரிப் பிள்ளைகளைக் கொண்டுபோய் வைக்கிற பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ஒருநாள் கார் வந்தது. கோப்பு வைத்திருந்த ஒரு ஆள் இறங்கினார். அதற்குள் அம்மா இவர்கள் இரண்டு பேரையும் நிலக்கரி அறைக்குள் அனுப்பியிருந்தார். காலை முழுக்க இவர் கரி மேல் உட்கார்ந்து, தம்பியை மடியில் வைத்துக்கொண்டு, அவன் சத்தம் போடாமல் இருக்க அவன் விரல்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே இருந்தார். உள்ளே அம்மா தேய்த்த படியும் நல்ல கோப்பையுமாக அந்த ஆளை உட்கார வைத்தார். பையன் அத்தை வீட்டில் இருக்கிறான், எங்களுக்கு ஒரு குறையும் இல்லை என்றார்.

"ரெண்டு கப் டீ குடிச்சாரு, ரெண்டு துண்டு கேக் தின்னாரு, போயிட்டாரு. திரும்பி வரவே இல்ல. எதிர் வீட்டுப் பொண்ணு மார்கரெட்டும் இவனை மாதிரிதான். அவ அம்மா அழுதுட்டா. முடியல, உதவி பண்ணுங்கன்னு கேட்டுட்டா. அன்னைக்கு மதியமே மார்கரெட்டைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. நான் அப்புறம் அவளைப் பாக்கவே இல்ல." தெல்மா தோளைப் பிடித்துக்கொண்டார். "கோப்பு வெச்சிருக்கிறவங்ககிட்ட முடியலைன்னு சொல்லக் கூடாது, கண்ணு. சொன்னா கூட்டிட்டுப் போயிருவாங்க."

அந்தக் காலம் போய்விட்டது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நகராட்சிக்காக உத்தரவாதம் கொடுக்க நான் யார்? நாட்குறிப்பாவது எழுதுங்கள், கஷ்டமான நாளைக் குறித்து வையுங்கள் என்றேன். எழுதினார். மூன்று வாரத்துக்குப் பிறகு பார்த்தால் ஒவ்வொரு பக்கத்திலும் 'பரவாயில்லை' என்றிருந்தது. ஒரு பக்கத்தில் மட்டும் 'மழை'.

மறுமதிப்பீட்டுக்கு வந்தவர் க்ளைவ் என்ற பருத்த ஆள், ஓய்வு பெற ஒரு வருடம் இருந்தது. பராமரிப்பாளர் விரும்பினால் நண்பர் ஒருவர் கூட இருக்கலாம் என்று விதி. நான் இருந்தேன். வாசற்படி வெளுத்துத்தான் இருந்தது. தங்க விளிம்பு கோப்பைகளும் இருந்தன. கேக் இல்லை. எனக்காக விட்டுக்கொடுத்தது அவ்வளவுதான். அதற்குப் பதில் பட்டாணிக் கூழும் பன்றி இறைச்சியும் வைத்த பெரிய உருண்டை ரொட்டிகள்.

க்ளைவ் அதே கேள்விகளைக் கேட்டார். தெல்மா அதே பதில்களைச் சொன்னார். ஓடிப்போய்ப் படிவத்தைப் பிடுங்கலாமா என்றிருந்தது எனக்கு. அந்த ஆள் பேனாவை மூடிவிட்டு, மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்த நெவில் பக்கம் திரும்பினார். பதினோரு வருடத்தில் படிவம் வைத்திருந்த ஒருவர் நெவிலிடம் நேராகப் பேசி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"நெவில், உங்க அக்கா காலைல எழுந்ததும் என்ன பண்ணுவாங்க? எனக்குக் காட்டறீங்களா?"

நெவில் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். மாடிப்படி அடியில் போய் நின்றார். வலது கையைத் தொங்கவிட்டு, இடது கையால் கைப்பிடியைப் பிடித்து, ஒரு படி ஏறினார். நின்றார். மூச்சு வாங்கினார். இரண்டாவது படியில் உட்கார்ந்துவிட்டார். கண்ணை மூடித் தோளைப் பிடித்துக்கொண்டு, தெல்மாவின் குரலிலேயே சொன்னார்: "ஒரு நிமிஷம், கண்ணு. ஒரே நிமிஷம்." பிறகு சமையல் ஏப்ரன் நுனியால் முகத்தைத் துடைப்பது போலத் துடைத்து, எழுந்து, எங்கள் பக்கம் திரும்பிப் பெரிய சிரிப்பு ஒன்று சிரித்தார். அதுவும் தெல்மாவின் சிரிப்புதான். பாதிரியாருக்கும் ஜூலியாவுக்கும் காட்டிய அதே சிரிப்பு.

நெவில் கைதட்டலுக்குக் காத்திருந்தார். வேனில் எப்போதும் கைதட்டுவோம்.

"குரங்குப் பயலே" என்றார் தெல்மா. "எல்லாத்தையும் பாத்துக்கிட்டா இருந்தே?"

க்ளைவ் கைதட்டினார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "மிஸ் ஹெஸ்லப், எதுக்குப் பயப்படறீங்க?"

"அவனைக் கூட்டிட்டுப் போயிருவீங்க."

"எங்க கூட்டிட்டுப் போறது? எங்கிட்ட இருக்கிறது ஒரு சின்ன கார். அதுல என் முழங்காலுக்கே இடம் பத்தல."

தெல்மா சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே, முதல் தடவையாக, தோள் வலிக்கிறது என்றார். அதற்குப் பிறகு நிறுத்தவில்லை. க்ளைவ் மறுபடி பேனாவைத் திறந்தார். இரண்டு ரொட்டியும் சாப்பிட்டார்.

வாரத்தில் மூன்று நாள் நெவிலோடு இருக்க ஒரு ஆள் வந்தார். குளிக்க வைக்க இன்னொருவர். இதையும் நகராட்சிதான் செய்தது, அதையும் சொல்ல வேண்டும். இரண்டு வருடத்துக்குப் பிறகு, பழைய கூட்டுறவுக் கடை மாடியில் மூன்று பேர் சேர்ந்து வாழ ஒரு வீடு தயார் செய்தார்கள். பகலும் இரவும் உதவிக்கு ஆள் இருக்கும். அல்மா தெருவிலிருந்து ஆறு தெரு. பார்க்கக்கூட வர மாட்டேன் என்றார் தெல்மா. க்ளைவ் ஓய்வு பெற்ற பிறகும் வந்து கூப்பிட்டார். போனோம். நெவில் நேராகச் சமையலறைக்குப் போய் இழுப்பறையைத் திறந்தார். எண்ணினார். உதவியாளரோடு சேர்த்து நாலு பேருக்கு மேசை போட்டார். அப்புறம் அக்காவைப் பார்த்து, கையை ஆட்டி, போய்வா என்றார்.

"திமிரைப் பாரு" என்றார் தெல்மா. படி இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த திங்கள் காலை அவருக்குச் செய்ய வேலை எதுவும் இல்லை. அந்தப் பாத மசாஜ் சீட்டைத் தேடி எடுத்தாராம். காலாவதியாகி மூன்று வருடம்.

ஐந்து வருடம் அப்படி இருந்தார். நூலகத்துக்குப் போனார். நோராவோடு ஒரு தடவை பேருந்தில் விட்பி வரை போய், காற்றில் தொப்பியைத் தொலைத்துவிட்டு வந்தார். ஞாயிறுதோறும் நெவில் சாப்பிட வருவார், சாப்பிட்டதும் கடிகாரத்தைத் தட்டிக் காட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார்.

போன இலையுதிர் காலத்தில் தெல்மாவுக்குக் கணையத்தில் கட்டி என்றார்கள். வைத்தியம் செய்து பயனில்லை. நாள் எண்ணுகிறவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்று கடலைப் பார்த்தாற்போல இருக்கிறது, அங்கே சேர்த்தார்கள். செவ்வாயும் வெள்ளியும் நான் நெவிலை என் காரில் கூட்டிக்கொண்டு போவேன். அவர் கட்டில் ஓரம் உட்கார்ந்து நர்சுகளை ஒவ்வொருவராக நடித்துக் காட்டுவார். தெல்மா வலியோடு சிரிப்பார்.

ஒரு புதன்கிழமை நான் தனியாகப் போனேன். அவர் குரல் ரொம்பச் சின்னதாகிவிட்டிருந்தது.

"நாளன்னைக்கு அவனைக் கூட்டிட்டு வராதே, கண்ணு."

"ஏன்? வெள்ளிக்கிழமை வழக்கமா வர்றதுதானே?"

"நேத்து ஏதோ காத்துல பிடிச்சுப் பிடிச்சுக் குடுத்துக் காட்டினானே, அது என்னன்னு அவன் வீட்டுல உதவிக்கு இருக்கிற பொண்ணைப் போன்ல கேட்டேன். வெள்ளிக்கிழமை ஊர் கிளப்புல பிங்கோ ஆட்டமாம். கூண்டுக்குள்ள இருந்து நம்பர் பந்தை எடுத்துக் குடுக்கிறது இவன்தானாம். என்னைப் பாக்க வந்து வந்து மூணு வாரமா போகலையாம். இவன் இல்லாம வேற யாரோ எடுக்கிறாங்களாம்." மூச்சு வாங்கினார். "அதெல்லாம் ஒரு தடவை விட்டா இடம் போயிரும்."

"தெல்மா, நீங்க..."

"எனக்குத் தெரியும் நான் எப்படி இருக்கேன்னு. நீ எதிர்ப்பேச்சு பேசாதே." கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "அவனைக் கிளப்புக்குக் கூட்டிட்டுப் போ. நீயும் உக்காரு, முன் வரிசையில. அவன் விரல் குட்டை, பந்து வழுக்கும். கீழ விழுந்துச்சுன்னா யாரும் பாக்கறதுக்குள்ள எடுத்து அவன் கையில குடுத்துரு."